பின்சில்லு பிறேக்கும் அதன் நூற்றாண்டுக் கதையும்

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையில் வாழ்ந்த எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் வாகனங்கள் கிலோமீற்றர் கணக்கில் வரிசைகட்டி நின்றன. அந்த வரிசைகளில் இரவு பகலாக நிற்கத் தெம்பில்லாத என்னைப் போன்ற முதியவர்கள் காரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்து திரிந்தோம். வெள்ளவத்தையில் கடற்காற்று நேராக வந்து மோதும் ஒழுங்கையொன்றில் எனது கார் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அசையாமல் நின்றது.

கியூ.ஆர். அட்டை முறையில் வாராந்தம் சில லீற்றர் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பற்றறியை மாற்றினேன். காரைச் சேவிஸுக்கும் கொடுத்தேன். எஞ்சின் ஒயில் மாற்றப்பட்டது, கார் கழுவித் துடைக்கப்பட்டது. பற்றுச்சீட்டில் ‘பிறேக் பரிசோதனை’ என்ற வரிக்கு எதிரே சரி அடையாளமும் இடப்பட்டிருந்தது. நகருக்குள் ஓடுகையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் நுவரெலியாவில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். மலைப்பயணம் என்பதால் கொட்டாஞ்சேனையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் காரை ஒருமுறை காட்டிவிட்டுப் போகுமாறு நண்பர் வற்புறுத்தினார். அந்த இளைஞர் நான்கு சில்லுகளையும் கழற்றினார். பின்னர் என்னை அழைத்தார்.

“ஐயா, முன்பக்கம் பிழையில்லை. பின்பக்கத்தை ஒருக்கால் வந்து பாருங்கோ.”

வெளியிலிருந்து பார்க்கும்போது வலது பின்சில்லின் பிறேக் தகடு மினுமினுப்பாகவே இருந்தது. அவர் கலிப்பரைக் கழற்றி உட்புறத்து பாட்டை எடுத்துக் காட்டினார். உராயும் பொருள் முற்றாகத் தேய்ந்து வெறும் இரும்புத் தட்டு மட்டுமே எஞ்சியிருந்தது. அந்த இரும்பு தகட்டின் உட்புறத்தை உழுத நிலம்போல் கிழித்திருந்தது. இடது பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே பாட்கள் தேயவேயில்லை. துருப்பிடித்து இருந்த இடத்திலேயே இறுகிப்போனதால் அவை தகட்டைப் பற்றுவதையே நிறுத்திவிட்டிருந்தன.

“மிதிக்கும்போது எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே, தம்பி?” என்றேன்.

“அதுதான் ஐயா இதிலை உள்ள ஆபத்து. முன்சில்லு ரெண்டும் பிடிச்சுக்கொண்டிருக்கிற வரைக்கும், பின்சில்லு செத்தாலும் மிதிக்கு விளங்காது.”

ஏறத்தாழ 40 ஆண்டுகள் செய்தித்தாளில் வேலை செய்தவன் நான். வீதி விபத்துச் செய்திகள் எத்தனையோ என் கைவழியே அச்சுக்குச் சென்றிருக்கின்றன. “பிறேக் செயலிழந்ததால் பள்ளத்தில் பாய்ந்தது” என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. ஆயினும் பிறேக் எவ்வாறு செயலிழக்கிறது என்று ஒருநாளும் ஆராய்ந்து பார்த்ததில்லை. அன்று அந்த இளைஞர் சொன்ன ஒரு வாக்கியமே என்னை இந்தப் பொருளைப் படிக்கத் தூண்டியது. படித்ததில் கிடைத்த கதையை இங்கே பதிவு செய்கிறேன்.

1902: ஓர் ஆண்டில் இரு பிறப்புகள்

பிறேக் வரலாற்றில் முதலில் வியப்பூட்டுவது, ஆரம்பகால மோட்டார் கார்களுக்குப் பின்சில்லுகளில் மாத்திரமே பிறேக் இருந்தது என்பதாகும். முன்சில்லுகளை நிறுத்தினால் கார் குப்புறக் கவிழும், திருப்புவதற்கும் முடியாமற் போகும் என்ற அச்சம் பலரிடம் இருந்தது. 1908 முதல் 1927 வரை கோடிக்கு மேல் விற்பனையான அமெரிக்காவின் போர்ட் மொடல் ‘ரி’ காரில் கால்மிதி கியர்ப் பெட்டியைப் பற்றிப் பிடித்தது. கைநெம்புகோல் பின்சில்லுகளைப் பிடித்தது. முன்சில்லுகளில் எதுவும் இல்லை. 1920களில் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் பொருத்திய கார்கள் வந்தபோது, அவற்றிற் சில தமது பின்புறத்தில் எச்சரிக்கைப் பலகையொன்றைத் தாங்கிச் சென்றன. ‘நான் சட்டென்று நிற்பேன், பின்னால் வருபவர் கவனம்’ என்பதே அதன் பொருள்.

இன்று நாமறிந்த இருவகைப் பிறேக்குகளும் 1902 ஆம் ஆண்டையே தமது பிறப்பாண்டாகக் கொள்கின்றன. பிரான்சில் லூயி ரெனோ ட்ரம் பிறேக்கை அதன் நவீன வடிவத்திற்குக் கொண்டுவந்தார். சுழலும் உருளையின் உள்ளே வளைந்த கட்டைகள் இரண்டு விரிந்து அதன் உட்சுவரை அழுத்தும் முறை அது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகரில் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற பொறியியலாளர், சில்லோடு சுழலும் மெல்லிய உலோகத் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். டிஸ்க் பிறேக்கின் மூலம் அதுவே.

இவ்விரண்டில் அறிவுக்கு உகந்தது லான்செஸ்டரின் முறை. தகடு வெளிக்காற்றில் சுழல்வதால் சூடு விரைவில் தணியும். ஆனால் வென்றதோ ரெனோவின் முறை. அதற்குக் காரணங்கள் இருந்தன. லான்செஸ்டர் கவ்வும் பகுதியில் செம்பைப் பயன்படுத்தினார். உலோகம் உலோகத்தோடு உராய்ந்ததால் காதைப் பிளக்கும் சத்தம் எழுந்தது. தார் போடாத அக்காலத்து வீதிகளின் புழுதி செம்பை விரைவில் தின்று தீர்த்தது. ட்ரம் மூடியிருந்ததால் சேறும் புழுதியும் எளிதில் உள்ளே போகவில்லை. மேலும், சுழலும் ட்ரம் உள்ளிருக்கும் கட்டையைத் தன்னோடு இழுத்துத் தானாகவே இறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே ஓட்டுநரின் கால் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. தகட்டுக்கோ அத்தகைய தன்னுதவி கிடையாது. அதற்கு வேண்டிய அழுத்தத்தை மனிதக் கால் மட்டும் கொடுத்துவிட இயலாது.

நல்ல யோசனை ஒன்று காலத்திற்கு முன்னரே பிறந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு லான்செஸ்டரின் தகடு ஓர் எடுத்துக்காட்டு. அதற்குரிய உராய்வுப் பொருளும் இல்லை, அழுத்தம் தரும் பொறியும் இல்லை, ஏற்ற வீதியும் இல்லை. அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தது.

அஸ்பெஸ்டஸ் தந்த வரமும் சாபமும்

உராய்வுப் பொருளைத் தேடியவர்களில் முதன்மையானவர் ஹேர்பேட் புறூட் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் டாபிஷயர் மலைச்சாரலில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய சப்பாத்தைச் சில்லின்மேல் அழுத்தி வண்டியை மெதுவாக்குவதைக் கண்டே அவர் இத்துறையில் இறங்கியதாகச் சொல்வார்கள். 1897 இல் தொடங்கிய தமது முயற்சியில் அவர் பருத்தி முதலிய நார்களைச் சோதித்து, இறுதியில் சூட்டைத் தாங்கும் அஸ்பெஸ்டஸ் நாருக்கு வந்து சேர்ந்தார். தமது பெயரின் எழுத்துகளோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் கலந்து அவர் அமைத்த ‘பெரோடோ’ என்ற வணிகப்பெயர் இன்றும் பிறேக் பாட் பெட்டிகளில் அச்சாகிறது.

அஸ்பெஸ்டஸ் எரியாது, உருகாது, மலிவானது, சத்தத்தையும் குறைத்தது. ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குள் சென்றால் வெளியே வருவதில்லை. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அஸ்பெஸ்டஸ் ஆலையொன்றில் நூல் நூற்ற நெலி கேர்ஷோ என்ற பெண் 1924 இல் தமது 33 ஆவது வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த நோயியல் மருத்துவர் வில்லியம் குக் அதே ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, இந்நோயை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. ஆலை அவருக்கு இழப்பீடு தர மறுத்தது. பெயர்ப்பலகையும் இல்லாத கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1931 இல் பிரித்தானியாவில் ஆலைத் தூசைக் கட்டுப்படுத்தும் விதிகள் இயற்றப்பட்டன. ஆனால் அவை ஆலைகளுக்கே உரியவை. வீதியோர கராஜ்களில் ட்ரம்மைக் கழற்றி, காற்றுக் குழாயால் தூசை ஊதித் தள்ளி, அந்தத் தூசின் நடுவே நின்று வேலைசெய்த மெக்கானிக்கை அந்த விதிகள் எட்டவில்லை. பிரித்தானியா அஸ்பெஸ்டஸ் பாவனையை முற்றாகத் தடைசெய்தது 1999 இல். நோய் கண்டறியப்பட்ட கட்டுரைக்கும் தடைக்கும் இடையே 75 ஆண்டுகள். நம் வீட்டுக் கூரைகளில் இன்றும் காணப்படும் அந்தப் பெயர், பிறேக்கின் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடத்தைப் பெற்றிருக்கும் என நான் எண்ணியதில்லை.

லெ மான் ஓட்டப்பாதை

அழுத்தம் என்ற இரண்டாவது குறையைத் திரவம் தீர்த்தது. மல்கம் லொக்கீட் என்ற அமெரிக்கரின் முயற்சியால், மிதியை மிதிக்கும் விசை குழாய்களிலுள்ள திரவத்தின் வழியே நான்கு சில்லுகளுக்கும் சமமாகச் சென்றடையும் முறை உருவாயிற்று. 1921 இல் டூசன்பேர்க் கார் அதனை விற்பனைக்கு வந்த வாகனத்தில் பொருத்தியது. பின்னர் விமானங்கள் கனத்தன, அவை தரையிறங்கும் வேகமும் கூடியது. ட்ரம் தாங்காது என்ற நிலையில் டன்லொப் முதலிய நிறுவனங்கள் விமானச் சில்லுகளுக்குத் தகடுகளைச் செய்தன.

1949 இல் அமெரிக்காவின் குறோஸ்லி என்ற சிறிய கார் நிறுவனம் துணிந்து நான்கு சில்லுகளுக்கும் விமானப் பாணித் தகடுகளைப் பொருத்தியது. பனிக்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பு கலிப்பர்களை அரித்து இறுக்கிவிட, அந்த நிறுவனம் விரைவிலேயே ட்ரம்முக்குத் திரும்பியது. எனது காரில் கடற்காற்றின் உப்பு செய்த அதே வேலைதான்!

டன்லொப்பும் ஜகுவார் நிறுவனமும் சேர்ந்து செய்த முயற்சியே நிலைத்தது. பரிசோதனை ஓட்டுநர் நோர்மன் டூயிஸ் ஆயிரக்கணக்கான மைல்கள் ஓட்டிச் சோதித்தார். 1952 மே மாதத்தில் இத்தாலியின் மில்லே மிலியா ஓட்டத்தில் ஸ்டேர்லிங் மொஸ் அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு டிஸ்க் பிறேக் பூட்டிய ‘சி’ வகை ஜகுவாரை ஓட்டினார். கார் இறுதிவரை செல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமே பிரான்சின் றேம்ஸ் நகரில் மொஸ் வென்றார். 1953 இல் லெ மான் நகரின் 24 மணிநேர ஓட்டத்தில் டோனி றோல்ற், டங்கன் ஹமில்ற்றன் ஆகிய இருவரும் அதேவகைக் காரில் முதலிடம் பெற்றனர். அவர்களது சராசரி வேகம் மணிக்கு 105 மைல்களைத் தாண்டியது. அந்த ஓட்டத்தில் 100 மைல் சராசரி தாண்டப்பட்டது அதுவே முதன்முறை. அவர்களுடைய எஞ்சின் எல்லோருடையதையும்விட வலிமையானதன்று. நீண்ட நேர்வீதியின் முடிவில் மற்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தபோது ஜகுவார் ஓட்டுநர்களால் பின்னரும் சிறிது தூரம் விரைந்து செல்ல முடிந்தது. 24 மணிநேரமும் அவ்வாறு செய்ய முடிந்ததே அதன் சிறப்பு.

அதே லெ மானில் 1955 ஜூன் 11 ஆம் திகதி மோட்டார் ஓட்ட வரலாற்றின் மிகக் கொடிய விபத்து நிகழ்ந்தது. மைக் ஹோதோனின் ‘டி’ வகை ஜகுவார், லான்ஸ் மக்லினின் ஒஸ்ரின் ஹீலியை முந்திச்சென்றபின் தரிப்பிடத்தில் நிற்பதற்காக வேகத்தைக் குறைத்தது. மோதலைத் தவிர்க்க மக்லின் இடப்புறம் விலகினார். பின்னால் பெருவேகத்தில் வந்த பியர் லெவேயின் மேர்சிடிஸ் அவர்மீது ஏறிப் பறந்து பார்வையாளர் பக்கத்து அணையில் மோதிச் சிதறியது. லெவேயுடன் 80இற்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டனர்.

ஜகுவாரின் டிஸ்க் பிறேக்கே இதற்குக் காரணம் என எழுதியோர் உண்டு. செய்தியாளன் என்ற வகையில் அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். மக்லினின் காரிலும் நான்கு சில்லுகளுக்கும் தகடுகள் இருந்தன. விசாரணையோ எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. பழங்காலத்து வேகங்களுக்கென அமைந்த ஓட்டப்பாதையே பிழை என்றது. எனினும் ஓர் உண்மையை மறுப்பதற்கில்லை. ஒரே பாதையில், வெவ்வேறு தூரங்களில் நிற்கக்கூடிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மேர்சிடிஸில் இருந்தவை ட்ரம் பிறேக்குகள். அவற்றின் குறையை ஈடுசெய்ய அந்தக் காரின் பின்புறத்தில் காற்றைத் தடுக்கும் பெரிய தட்டியொன்றையும் பொருத்தியிருந்தார்கள்.

பின்சில்லு ஏன் பிந்தியது?

அதே 1955 ஒக்டோபரில் பரிஸ் கண்காட்சியில் சிற்றோயென் ‘டி.எஸ்.’ கார் வெளியானது. 1956 இல் இங்கிலாந்தின் ட்ரயம்ப் ‘ரி.ஆர்.3’ வந்தது. இரண்டிலும் டிஸ்க் பிறேக் இருந்தது. ஆனால் முன்சில்லுகளில் மட்டுமே. பின்சில்லுகளில் பழைய ட்ரம்களே தொடர்ந்தன. முதலில் பின்சில்லில் மட்டுமே இருந்த பிறேக், புதிய வடிவத்தில் பின்சில்லுக்கு இறுதியாகவே வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது இயற்பியல். பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கும் அதிகமாகவோ முன்சில்லுகளே செய்கின்றன. பின்சில்லு அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால் அது சுழல்வதை நிறுத்திச் சறுக்கி, காரையே சுழற்றிவிடும். எனவே பின்புறத்திற்குச் செல்லும் அழுத்தம் வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது. குறைந்த வேலைக்கு விலைகூடிய தகடு எதற்கு என்பதே உற்பத்தியாளர் பலரின் கேள்வி.

இரண்டாவது கைப்பிறேக். நிறுத்திவைத்த காரை இரவு முழுவதும் அசையாமல் பிடித்திருப்பதற்கு ட்ரம் மிகப் பொருத்தமானது. ஒரு கம்பிக்கயிற்றை இழுத்தால் போதும். திரவத்தின் தயவின்றித் தகட்டைக் கவ்விப் பிடிப்பதோ கடினம். 1957 இல் நான்கு சில்லுகளுக்கும் தகடு பூட்டி வந்த ஜகுவார் ‘எக்ஸ்.கே.150’ பின்தகட்டைக் கவ்வ இன்னொரு சோடிச் சிறு பாட்களைக் கைப்பிறேக்குக்கென்றே வைத்தது. 1961 இல் வந்த புகழ்பெற்ற ஜகுவார் ‘ஈ’ வகைக் காரின் பின்தகடுகள் சில்லில் அல்லாது, காரின் அடியில் டிபரென்ஷலை ஒட்டி அமைந்தன. அழகான காரின் மிக அழகற்ற பகுதி அதுவே. சூடு வெளியேற வழியில்லை. எண்ணெய் கசிந்தால் தகட்டில்தான் விழும். பாட்களைப் பார்க்கக் காரின் அடியில் படுக்க வேண்டும். பெரிய வேலை என்றால் பின்பகுதியையே இறக்க வேண்டும். எட்டாத இடத்தில் வைத்த பொருளை எவரும் அடிக்கடி பார்ப்பதில்லை என்ற பாடத்தை அந்தக் காரின் சொந்தக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

போர்ஷே ‘356 சி’யும், 1965 ஆம் ஆண்டின் கொர்வெற்றும் வேறு வழி கண்டன. பின்தகட்டின் நடுவிலுள்ள குழிவில் சிறிய ட்ரம் ஒன்றை ஒளித்துவைத்து, அதைக் கைப்பிறேக்காக்கின. 1902 இல் பிரிந்த இரண்டு முறைகளும் ஒரே சில்லில் மீண்டும் சந்தித்தன எனலாம். பின்னர், கலிப்பரின் உள்ளே திருகாணியை வைத்து, கைப்பிறேக் இழுக்கும்போது அது பிஸ்டனைத் தள்ளும் முறை பரவலாயிற்று. இன்று கைநெம்புகோலுக்குப் பதில் பொத்தான் உள்ள கார்களில் அந்தத் திருகை ஒரு சிறு மின்மோட்டார் சுழற்றுகிறது.

இவையெல்லாம் விலையுயர்ந்த கார்கள். சாதாரண குடும்பக் காருக்கு நான்கு தகடுகளைக் கொடுத்துக் காட்டியவற்றில் ஒன்று இத்தாலியின் பியற் 124. ஆண்டு 1966. அதே காரைச் சோவியத் ஒன்றியம் தொல்யாத்தி நகரில் 1970 முதல் தயாரித்தது. பின்னாளில் ‘லாடா’ என உலகறிந்த கார் அதுவே. சோவியத் பொறியியலாளர்கள் இத்தாலியக் காரைத் தமது வீதிகளில் ஓட்டிப் பார்த்தபின் செய்த மாற்றங்களில் ஒன்று, பின்தகடுகளை நீக்கிவிட்டு ட்ரம்களைப் பொருத்தியதாகும். முன்சில்லு வாரியிறைக்கும் சேறும் மணலும் பின்தகட்டிற் போய்ப் படிந்து பாட்களை அரைத்துத் தீர்த்ததே காரணம். அதைப் பின்னடைவு எனச் சிலர் எழுதினர். தம் வீதியை அறிந்தவர்களின் முடிவு என்றே நான் கொள்கிறேன்.

மெக்கானிக்கின் கையில்

கொட்டாஞ்சேனை இளைஞர் அன்று செய்த வேலையை ஒரு மரக்கட்டில் அமர்ந்து முழுவதும் பார்த்திருந்தேன். வரலாற்றைப் படித்தபின் அவரது ஒவ்வொரு செயலுக்கும் பொருள் விளங்கியது.

பின்சில்லைத் தூக்குவதால் கைப்பிறேக்கைத் தளர்த்தியாக வேண்டும். ஆகவே முதலில் முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தார். ஜக்கை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளை வைத்தார். கழற்றிய கலிப்பரை அதன் இறப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியால் கட்டித் தூக்கிவைத்தார். குழாய் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது என்றார். தூசை அவர் ஊதவில்லை. திரவம் தெளித்து நனைத்துத் துடைத்தார். இன்றைய பாட்டில் அஸ்பெஸ்டஸ் இல்லையென்று பெட்டியில் எழுதியிருந்தாலும், எந்தத் தூசும் நெஞ்சுக்கு நல்லதல்ல என்று அவரது ஆசான் சொல்லிக் கொடுத்திருந்தாராம். நெலி கேர்ஷோவின் பெயர் அவருக்குத் தெரியாது. பாடம் தெரிந்திருந்தது.

அடுத்து, கலிப்பர் வழுக்கிச் செல்லும் ஊசிகள். எனது காரின் வியாதி அங்கேதான். கலிப்பரின் பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே உண்டு. அது உட்பாட்டை அழுத்தியதும் கலிப்பர் முழுவதும் ஊசிகளில் வழுக்கி வந்து வெளிப்பாட்டையும் அழுத்த வேண்டும். ஊசி துருப்பிடித்து இறுகினால் உட்பாட் மட்டும் தேயும். வெளியே நின்று சில்லின் இடைவெளியால் எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவதோ தேயாத வெளிப்பாட். பற்றுச்சீட்டில் சரி அடையாளம் இட்டவர் ஒருவேளை அவ்வாறு எட்டிப் பார்த்திருக்கலாம். அதுவும் செய்யாமலும் இருந்திருக்கலாம்.

தகட்டின் தடிப்பை அளவுகருவியால் அளந்தார். எவ்வளவுக்குக் கீழே தேயக்கூடாது என்பது தகட்டின் விளிம்பிலேயே மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருப்பதைத் துருவைச் சுரண்டிக் காட்டினார். எனது தகடுகள் அந்த எல்லையைக் கடந்திருந்தன. புதிய தகட்டைப் பூட்டுமுன் அது அமரும் முகப்பின் துருவை முற்றாகத் துடைத்தார். அங்கே மயிரிழை அளவு துரு தங்கினாலும் தகடு தள்ளாடிச் சுழலுமாம்.

பின்பு பிஸ்டனை உள்ளே செலுத்துதல். முன்சில்லில் பிஸ்டனை நேராக அழுத்தினால் போதும். எனது காரின் பின்சில்லிலோ கைப்பிறேக்கின் திருகு உள்ளே இருப்பதால் அதைச் சுழற்றிச் சுழற்றியே உள்ளே அனுப்ப வேண்டும். அதை அறியாமல் பலங்கொண்டு அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு உடையும். மின்மோட்டார் உள்ள கார்களில் கணினிக் கருவியின் மூலம் மோட்டாரை முதலில் பின்வாங்கச் செய்யாமல் கைவைக்கக் கூடாது. பின்சில்லு வேலை தெரிந்தவரை அடையாளம் காணும் இடம் இதுவே என அவர் சொன்னார்.

இறுதியாகப் பிறேக் ஒயில். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ‘டொட் 3’ வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகையாகக் குறைந்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு அந்த எல்லையை எட்டக்கூடும். கொதித்த திரவம் ஆவியாகும். ஆவியோ அழுத்தினால் சுருங்கும். அதன்பின் மிதி வெறுமையாகத் தரைவரை போய்விடும். எழுதிப் பழகிய அந்த வாக்கியத்தின் பொருள் இதுதான். ‘பிறேக் செயலிழந்தது’ என்பது ஒரு கணத்தில் நிகழ்வதன்று. மாதக்கணக்கில் நிகழ்ந்து, ஒரு கணத்தில் வெளிப்படுவது.

யார் பார்ப்பது?

கண்டுபிடிப்புக்கு ஒரு வரலாறு இருப்பதுபோல் பரிசோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியாவில் போக்குவரத்து அமைச்சராக ஏர்னெஸ்ட் மாப்பிள்ஸ் இருந்த 1960 ஆம் ஆண்டில் பத்தாண்டுகள் கடந்த கார்களின் பிறேக், விளக்கு, திருப்பும் பொறி ஆகியவற்றைச் சோதிக்கும் முறை தொடங்கியது. தேறாத கார்களின் தொகை அரசையே திகைக்க வைத்தது. அடுத்த ஆண்டே எல்லை ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1967 இல் அது மூன்றாண்டாயிற்று. ஜப்பானில் 1951 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே வந்த பரிசோதனை முறை இன்னும் கடுமையானது. புதிய காருக்கு மூன்றாண்டில் முதற்சோதனை, அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை.

நமது வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை அந்த ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே இரண்டாண்டுக்கொருமுறை ஆராயப்பட்ட கார், இங்கே இறங்கியதும் அந்தக் கண்காணிப்பிலிருந்து விடுதலை பெற்றுவிடுகிறது. பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. தனியார் காருக்கு ஆண்டுதோறும் கேட்கப்படுவது 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைச் சான்றிதழ். புகை கெட்டதா என்று அரசு பார்க்கிறது. நிற்குமா என்று எவரும் பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இருந்த கார்களே மேலும் முதுமையடைந்தன. உதிரிப்பாக விலைகள் ஏறியதால் ‘இன்னும் கொஞ்சநாள் ஓடட்டும்’ என்று தள்ளிப்போட்டவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

கலப்பின எஞ்சின் கார் வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருத்தல் நல்லது. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை அங்கே மின்மோட்டாரே செய்து பற்றறியை நிரப்புகிறது. பிறேக்குக்கு வேலை குறைவு என மகிழலாம். ஆனால் வேலையற்ற தகடு துருப்பிடிக்கிறது, வேலையற்ற ஊசி இறுகுகிறது. தேய்ந்து கெடுவது போலவே சும்மா இருந்தும் கெடும் என்பதற்கு எனது காரின் இடது பின்சில்லே சாட்சி.

செலவு அதிகமாயிற்று. எனது ஓய்வூதியத்தில் அது இரண்டு மாதத்துக் கணக்கு. ஆயினும் திருமணம் முடிந்து நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கியபோது, பின்னாசனத்தில் எனது மனைவியும் பேரப்பிள்ளைகள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு வலப்புறமும் இடப்புறமும் மாறிமாறித் தெரிந்தது. தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கினேன். வாரக்கணக்கில் அதே பின்சில்லுகளோடு கொழும்பு வீதிகளில் அவர்களைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கியதை நினைத்தபோது கை சற்று நடுங்கியது உண்மை.

கராஜிலிருந்து புறப்படும்போது அந்த இளைஞர் தேய்ந்த பழைய பாட்டைக் கடதாசியில் சுற்றி என்னிடம் தந்தார். கழற்றிய பொருளைச் சொந்தக்காரரிடம் காட்டிக் கொடுப்பது அவரது வழக்கமாம். அது இன்று எனது எழுதுமேசையில் இருக்கிறது. வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றே. அடுத்த முறை காரைச் சேவிஸுக்குக் கொடுக்கும்போது சரி அடையாளம் இட்ட பற்றுச்சீட்டோடு திருப்தியடைய வேண்டாம். பின்சில்லைக் கழற்றி உட்பாட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் காரை மீண்டும் கொடுக்காதீர்கள்.